கலண்டர் தாளின் பின்பக்கக் கணக்கு

திட்டம் போட்டுத் தோற்றவள் நான். எந்தத் திட்டமும் இல்லாமல் பல்கலைக்கழகத்துக்கு வந்து, பாட்டுப் பாடி, காதலித்து, பரீட்சைக்கு முந்தின வாரம் யாரோ எழுதிய நோட்ஸைப் போட்டோகொப்பி எடுத்துப் படித்து, என்னைவிட நல்ல பெறுபேற்றோடு போனவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

என் திட்டம் ஒரு கலண்டர் தாளின் பின்பக்கத்தில் இருந்தது. கேகாலை டவுனில் ஒரு இரும்புக் கடை வருடா வருடம் கொடுக்கும் கலண்டர் அது. முன்பக்கம் லட்சுமி, பின்பக்கம் வெள்ளை. வெள்ளைப் பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் பென்சிலால் கட்டம் போட்டு, விடுதியில் என் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். லட்சுமி இரண்டு வருடம் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விஷயம் சிக்கலானது இல்லை. முதல் இரண்டு வருடத்தில் இருபது பாடம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தரம், ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு எண். ஏ என்றால் நான்கு. ஏ மைனஸ் மூன்று தசம் ஏழு. பி மூன்று. அப்படியே இறங்கி சி என்றால் இரண்டு. இருபதையும் கூட்டி இருபதால் பிரித்தால் சராசரி. ஜீபிஏ என்போம். இரண்டாம் வருட முடிவில் அது மூன்றாக இருந்தால் சிறப்புப் பட்டத்துக்கு எடுப்பார்கள்; நான்கு வருடம் படிக்கலாம். மூன்றுக்குக் கீழே போனால் பொதுப் பட்டம். மூன்றாம் வருடத்தோடு மூட்டை கட்ட வேண்டும். இருபது பாடத்தில் அறுபது புள்ளி. எனக்கு வேண்டியது அந்த அறுபது.

புவியியலில் சிறப்புப் பட்டம் செய்ய ஆசைப்பட்டேன். பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. எங்கள் பக்கம் மழை ஏன் இப்படிப் பெய்கிறது என்று எனக்குச் சொன்ன ஒரே பாடம் அதுதான். சிறப்புப் பட்டத்தில் நல்லபடியாக வந்தால் துறையிலேயே தற்காலிக விரிவுரையாளராக வைத்துக்கொள்வார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் தோட்டத்து டிவிஷனில் எனக்கு முன் ஒருவரும் பல்கலைக்கழகத்தின் கேட்டைக்கூடத் தாண்டியதில்லை. நான் உள்ளே போய் மேடையில் நின்று பாடம் நடத்த வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்படவில்லை.

எங்கள் தோட்டம் கேகாலையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். இறப்பர்த் தோட்டம். அப்பா நான் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது செத்துப்போனார். அதற்குப் பிறகு அம்மா வெட்டிய பாலில்தான் நான் உயர்தரம் வரை படித்தேன், பல்கலைக்கழகமும் போனேன். அம்மாவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. இடுப்பில் வலி. மலையில் ஏறி இறங்கி, ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து நிமிர்கிற வேலை. நான் மூன்று வருடத்தில் முடித்தால் அம்மா ஒரு வருடம் முன்னதாகவே கத்தியைக் கீழே வைக்கலாம். நான்கு வருடம் என்றால் இன்னும் ஒரு வருடம் வெட்ட வேண்டும். இது எங்கள் இருவருக்கும் தெரியும். பேசியது ஒரே ஒரு முறை.

"இன்னொரு வருசம் வெட்டுனா செத்தா போயிருவேன்? நீ படி புள்ள," என்று சொல்லிவிட்டு அம்மா வாளி கழுவப் போய்விட்டாள்.

பால் வெட்டு தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த முட்டாள்தனம் விளங்காது. மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது. பட்டையில் வழிகிற தண்ணீர் பாலை வெட்டுக் கோட்டை விட்டு வெளியே இழுத்துவிடும். மரத்தில் கட்டிய சிரட்டையில் ஒன்றும் விழாது. அதனால் விடியற்காலையில் மழை பெய்தால் ஆட்கள் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கூடி, வானத்தைப் பார்த்து நின்றுவிட்டு, திரும்பி லயத்து வீடுகளுக்கு வருவார்கள். அப்படி விட்ட நாளுக்கு ஞாயிற்றுக்கிழமை வெட்டுவார்கள். இரண்டு நாள் வெட்டாமல் விட்ட மரம் மூன்றாம் நாள் கூடுதலாகப் பால் தரும். தொடர் மழைக்குப் பிறகு அம்மா வாளி தளும்பக் கொண்டு வருவதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். விட்ட நாள் எங்கேயும் போகாது, மரத்துக்குள்ளேதான் இருக்கும். இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. பார்த்துப் பார்த்து மண்டையில் ஊறிப்போனது.

அந்த மண்டையோடுதான் பல்கலைக்கழகம் போனேன்.

முதல் வருடம் இரண்டாம் செமஸ்டரில் புள்ளிவிபரவியல் என்று ஒரு பாடம். புவியியல் செய்கிற எல்லாருக்கும் கட்டாயம். எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தான் நடந்தது; ஆனால் மற்றவற்றில் படம் இருந்தது, வரைபடம் இருந்தது, ஊகித்துக்கொள்ளலாம். இதில் ஊகிக்க ஒன்றும் இல்லை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். சாதாரண தரப் பரீட்சை வரை எங்களுக்குக் கணக்கு ஆசிரியர் வந்தது மொத்தம் ஒன்றரை வருடம். இடைப் பரீட்சையில் நூற்றுக்கு முப்பத்தொன்று எடுத்தேன்.

இறுதிப் பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது கட்டத்தைப் பார்த்தபடி யோசித்தேன். எழுதினால் சி வரும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். சி அந்தக் கட்டத்தில் ஏறிவிட்டால் இறங்காது. எழுதாமல் விட்டால் கட்டம் வெறுமையாக இருக்கும்; அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து, நன்றாகப் படித்து எழுதி, ஏ மைனஸ் போடலாம். விட்ட பரீட்சையை மறுபடி எழுதலாம் என்று எனக்குத் தெரியும். எழுதினவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். தமிழ் சீனியர்கள் இருந்தார்கள். முதல் மாதம் அவர்களில் ஒருவர் முன்னால் தோட்டத்துப் பேச்சிலேயே "நாங்க போறோங்க" என்று சொல்லிவிட்டேன். அதைச் செமஸ்டர் முடியும் வரை என்னைக் காணும்போதெல்லாம் சொல்லிக் காட்டினார்கள். அதன் பிறகு அவர்களிடம் எதையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். துறை அலுவலகத்தில் கேட்டிருக்கலாம். அங்கே கேட்டால் எனக்குத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று பயம். இப்படி யோசித்த கழுதையை இப்போது நினைத்தால் கன்னத்தில் ஒன்று விடத் தோன்றுகிறது.

பரீட்சை நாள் காலையில் விடுதிக்குப் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் போய்விட்டார்கள். மத்தியானம் என் அறைத்தோழி திரும்பி வந்தாள். சிங்களப் பிள்ளை, குருணாகல் பக்கம். நாங்கள் இரண்டு பேரும் சிங்களத்தில்தான் பேசுவோம். எங்கள் தோட்டத்துக்குக் கீழே சிங்களக் கிராமம் இருப்பதால் எனக்குச் சிங்களம் தமிழ் மாதிரியே வரும். என்னை மண்டபத்தில் காணவில்லையே, என்ன ஆனது என்று கேட்டாள். வயிற்று வலி என்றேன். நேற்றிலிருந்தே வலி என்று வேறு சேர்த்தேன். பாவம், தேத்தண்ணீரில் இஞ்சி போட்டுக் கொடுத்தாள். நான் குடித்தேன்.

அந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது ஒரு பரீட்சையை எழுதாமல் விட்டதையும் ஏன் விட்டேன் என்பதையும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தாள்.

"அப்ப மழைக்கு நின்ன மாதிரி நின்னுட்ட."

"ஆமா. அடுத்த வருசம் சேத்து வெட்டிருவேன்."

"வெட்டு வெட்டு," என்றாள் அம்மா. அம்மாவுக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

முதல் வருடத்தில் மற்ற ஒன்பது பாடத்துக்கும் சேர்த்து இருபத்தைந்து தசம் ஆறு வந்தது. புள்ளிவிபரவியலுக்கு நேரே வெறுமை. அதில் ஏ மைனஸ், இரண்டாம் வருடப் பத்துப் பாடத்தில் முப்பத்தொன்று. மொத்தம் அறுபது தசம் மூன்று. அறுபதைத் தாண்டி ஒரு சொட்டு மிச்சம். இதைப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு இருந்த நிம்மதி அதற்கு முன் இருந்ததில்லை.

இரண்டாம் வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளைப் புள்ளிவிபரவியலுக்கு ஒதுக்கினேன். அறைத்தோழியின் அக்கா படித்த சிங்களப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் ஒரு அதிகாரம் படிப்பேன். பிறகு அதே விஷயத்தை ஆங்கில நோட்ஸில் தேடுவேன். பிறகு கணக்குச் செய்வேன். வகுப்பில் ஜூனியர்களோடு பின்வரிசையில் உட்கார்ந்தேன். அவர்கள் என்னை அக்கா என்றார்கள். மார்ச் மாதம் வந்தபோது அவர்களுக்கே நான் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தேன். ஒரு எண்கூட்டத்தில் சராசரி எப்படி ஏமாற்றும் என்பதை இரவு பகலாக விளக்கத் தயாராக இருந்தேன். மற்றப் பாடங்களில் பி வந்தால் போதும் என்று விட்டேன். மண்ணியலுக்கு வாசிக்க வேண்டிய இரண்டு புத்தகத்தை நூலகத்தில் எடுத்து, திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன். காலநிலையியல், அதாவது நான் எதற்காக வந்தேனோ அந்த மழை, அதற்கும் பி போதும் என்று விட்டேன். கட்டத்தில் அப்படித்தான் இருந்தது.

பெறுபேறு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பெயர் இருக்காது, சுட்டெண் மட்டும். இரண்டாம் வருடப் பாடங்கள் சரியாக முப்பத்தொன்று. விரலால் கோடு பிடித்துப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. பிறகு ஜூனியர்களின் தாளில் என் எண்ணைத் தேடினேன். கடைசியில் இருந்தது. சி. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

திருத்தியதில் பிழை என்று நினைத்தேன். நேரே அந்த விரிவுரையாளரின் அறைக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. எனக்கு சி வராது, தாளைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்து, விரலை வைத்துத் தேடினார்.

"எழுபத்தெட்டு," என்றார். "வகுப்பில் இரண்டாவது கூடிய புள்ளி."

"அப்ப ஏன் சார் சி?"

அவர் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. கிண்டல் இல்லை. நான் விளையாடுகிறேனா என்று பார்த்தார். மறுபடி எழுதுகிற பாடத்துக்கு எவ்வளவு எடுத்தாலும் சி-க்கு மேல் போட மாட்டார்கள், அது எல்லாருக்கும் தெரிந்த விதி, கைநூலில் இருக்கிறது என்றார். முதல் முறை எழுதாமல் விட்டதும் ஒரு முறை எழுதியதாகத்தான் கணக்கு. மருத்துவச் சான்றிதழ் கொடுத்திருந்தால் மட்டும் வேறு. கொடுத்தீரா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"சித்தியடைய நாற்பது போதுமே. எதற்கு இவ்வளவு படித்தீர்?" என்றார். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். நான் வெளியே வந்தேன்.

அறைக்கு வந்து கைநூலைத் தேடினேன். முதல் வாரம் எல்லாருக்கும் கொடுத்தது. ஆங்கிலத்தில் நூற்றுச் சொச்சம் பக்கம். இரண்டு பக்கம் பார்த்துவிட்டு மூடி வைத்திருந்தேன். அது ஜன்னல் விளிம்பில், என் தேங்காய் எண்ணெய்ப் போத்தலுக்கு அடியில் இருந்தது. மேல் அட்டையில் வட்டமாக எண்ணெய் இறங்கியிருந்தது. விதி நாற்பத்தொன்றாம் பக்கத்தில். மூன்று வரி. அந்த மூன்று வரியில் எனக்குத் தெரியாத ஆங்கிலச் சொல் ஒன்றுகூட இல்லை.

அறைத்தோழி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆனா நீ மெடிக்கல் குடுத்த தானே? உனக்கு அன்னைக்கு வயித்து வலி தானே?"

நான் கைநூலை மூடினேன். அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அனே," என்று தலையில் கை வைத்தாள். "நீ ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஒக்காந்து படிக்கிறப்ப, மெடிக்கல் குடுத்தவ, அதான் ஏ எடுக்கப் பார்க்கிறான்னுல்ல நெனச்சேன். இல்லன்னா சொல்லியிருப்பேனே."

சொல்லியிருப்பாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என்னுடைய பொய்தான் அவள் வாயை ஒரு வருடம் கட்டி வைத்திருந்தது. "எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை" என்று எங்கள் ஆட்கள் சொல்வதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்; பாதி உண்மைதான். மற்றப் பாதி, சொல்லக்கூடியவள் மூன்றடி தள்ளிப் படுத்திருந்தாள், நான் அவளிடம் வயிற்று வலி என்றேன்.

அன்று கலண்டர் தாளில் வெற்றுக் கட்டத்தில் சி என்று எழுதிக் கூட்டினேன். ஐம்பத்தெட்டு தசம் ஆறு. இருபதால் பிரித்தால் இரண்டு தசம் ஒன்பது மூன்று. எனக்குக் குறைந்துபோனது ஒன்று தசம் நான்கு புள்ளி. பி வாங்கிய நாலு பாடத்தில் இரண்டே இரண்டு ஏ மைனஸ் ஆகியிருந்தால் அறுபது சரியாக வந்திருக்கும். மண்ணியலும் மழையும். அந்த இரண்டுக்கும் போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகளை நாற்பது போதுமான பாடத்துக்குக் கொட்டியிருந்தேன்.

வீட்டுக்குப் போனேன். சிறப்புப் பட்டம் கிடைக்கவில்லை, அடுத்த வருடத்தோடு முடிந்துவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்புக்கு முன்னால் இருந்தாள். "அப்படியா," என்று மட்டும் கேட்டாள். பிறகு அவள் தோள் இறங்கியது. ஒரு பாரத்தை இறக்கி வைத்த ஆளுக்கு இறங்குமே, அப்படி. அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"ஒனக்கு சந்தோசம்தான?"

"சந்தோசம்னு நான் சொன்னனா?"

"மூஞ்சி சொல்லுதே."

"இடுப்பு வலிக்கி புள்ள," என்றாள் அம்மா. "மூஞ்சிக்கு அது எப்புடித் தெரியும்."

இரண்டு நாள் நான் பேசவில்லை. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. வெட்டு இல்லை. அம்மா வீட்டில் சிரட்டைகளைக் குவித்து வைத்து, உள்ளே ஒட்டியிருந்த காய்ந்த பாலை உரித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு எடுத்தாய் என்று தானாகவே கேட்டாள். எழுபத்தெட்டு என்றேன். அதை சி என்று போட்டுவிட்டார்கள் என்றேன். ஏன் என்று கேட்டாள், விதியைச் சொன்னேன். அம்மா கையிலிருந்த சிரட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மரம் நெறயக் குடுத்திச்சு, சிரட்ட பத்தல. வழிஞ்சி மண்ணுக்குப் போயிருச்சு," என்றாள். "நாங்கன்னா பெரிய சிரட்டயாப் பாத்து வச்சிருப்போம்."

என்னைச் சீண்டத்தான் சொன்னாள். வேறு நேரம் என்றால் சிரித்திருப்பேன். அன்று எரிச்சல்தான் வந்தது, அதுவும் அவள் சொன்னது சரியாக இருந்ததால். நான் மரத்தை மட்டும் பார்த்தேன். கீழே என்ன கட்டியிருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை.

பையில் கைநூல் இருந்தது. எதற்காகக் கொண்டு வந்தேன் என்று தெரியாது. எண்ணெய்க் கறையோடு அப்படியே திணித்திருந்தேன். எடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு. மழை விடாமல் மூன்று நாள் பெய்தது. மூன்று நாளில் முடித்தேன். பாதிக்கு மேல் எனக்குச் சம்பந்தமில்லாதது. நூலகத்துக்குச் செருப்புப் போட்டு வரக்கூடாது என்பதற்கு அரைப் பக்கம். ஆனால் அறுபத்தாறாம் பக்கத்தில், பொதுப் பட்டத்திலும் வகுப்பு உண்டு என்று இருந்தது. மூன்று வருடத்துக்கும் சேர்த்து முப்பது பாடத்தில் மூன்று வந்தால் இரண்டாம் வகுப்பு. எனக்கு அதுவும் தெரியாது. பொதுப் பட்டம் என்றால் வெறும் பாஸ் என்று நினைத்திருந்தேன்.

சுவரில் அந்த வருடக் கலண்டர் தொங்கியது. கடைசித் தாளைக் கிழித்தேன். முப்பது பாடத்துக்குத் தொண்ணூறு வேண்டும். கையில் இருப்பது ஐம்பத்தெட்டு தசம் ஆறு. மிச்சம் பத்துப் பாடத்தில் முப்பத்தொன்று தசம் நான்கு எடுக்க வேண்டும். கட்டம் போட்டு, முதல் வரியில் புள்ளிவிபரவியல் என்று எழுதி, நேரே சி என்று போட்டேன். பேனாவால் போட்டேன். மற்றதெல்லாம் பென்சில்.

முப்பத்தொன்று தசம் ஏழு எடுத்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் என்ன விதி, எதற்கு எத்தனை புள்ளி, எதில் கூடப் படித்தால் கூடக் கிடைக்கும் என்று அலுவலகத்தில் போய்க் கேட்டேன். ஒரு முறை கேட்டதையே மறுபடியும் கேட்டேன். அங்கே இருந்த கிளாக்கர் என்னைக் கண்டாலே கண்ணாடியைக் கழற்றிவிடுவார். இரண்டாம் வகுப்பு வந்தது. அம்மா அந்த வருடம் கத்தியைக் கொண்டுபோய்த் தோட்டக் கந்தோரில் ஒப்படைத்தாள். மேடையில் நின்று பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிற ஆசை முடிந்தது. அதற்காக இப்போதும் வருத்தம்தான். ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

பட்டம் முடித்த அடுத்த வருடம் ஆசிரியர் நியமன நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் பெறுபேற்றுத் தாளை மேலிருந்து கீழ் பார்த்து, ஒரு இடத்தில் பேனாவை வைத்து நின்றார்.

"புள்ளிவிபரத்துல சி. கணக்கு வராதோ?"

"கணக்கு வருங்க சார்," என்றேன். "கைநூல்தான் வாசிக்கல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். அது என்ன என்று எனக்குத் தெரியாது. வேலை கிடைத்தது.